பரம்பரை சோப்பின் மானம்

"இனிமேல் இந்த வீட்டுக்குள் மச்சினன் சோப்பு நுழைந்தால் நான் வெளியே போய்விடுவேன்" என்று கண்ணாடிக்காரர் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்துச் சபதம் செய்தார். கண்ணாடிக்குள் இருந்தவரும் அதே சபதத்தை அதே வேகத்தில் செய்தார். இரண்டு பேர் முகமும் சிவந்திருந்தது. பாதி கோபத்தால். மீதிப் பாதி சொறிந்ததால்.

கண்ணாடிக்காரர் என்பது தொழிலால் வந்த பெயர். பெரிய மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில், வருகிறவர்களின் மூக்கிலும் காதிலும் கண்ணாடியைப் பொருத்திவிடுகிற வேலை அவருக்கு. துணிக்கடைக்காரர் தள்ளி நின்றே துணியை விரித்துக் காட்டிவிடலாம். செருப்புக் கடைக்காரர் குனிந்துகொண்டால் முகமே தெரியாது. கண்ணாடிக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எதிராளியின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தம் முகத்தைக் கொண்டுபோய் வைத்து, மூக்கில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று பார்த்தாக வேண்டும். அவ்வளவு நெருக்கத்தில் தாடி ஆகாது, குத்தும். தினமும் மழுமழுவென்று ஷேவ் செய்துகொண்டுதான் கடைக்குள் காலை வைக்க வேண்டும் என்பது முதலாளியின் சட்டம்.

அந்த முகத்துக்குத்தான் இப்போது கேடு வந்திருந்தது. இரண்டு கன்னங்களிலும், தாடைக்குக் கீழே கழுத்து வரைக்கும், தடிப்புத் தடிப்பாகச் சிவந்து, தொட்டால் எரிந்து, தொடாவிட்டால் அரித்தது. புதுக் கண்ணாடி போட்டுக்கொள்கிறவர்கள் முதன்முதலாகத் தெளிவாகப் பார்ப்பது கண்ணாடிக்காரரின் முகத்தைத்தான். தெளிவாகத் தெரிந்ததும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்கள்.

ஓர் அம்மாள் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"இது ஒட்டுமா?"

"நல்லா ஒட்டி உட்காரும்மா. இந்த ஃபிரேம் உங்க முகத்துக்குன்னே செஞ்சது."

"ஃபிரேமைக் கேக்கலைங்க. உங்க கன்னத்துல இருக்கிறதைக் கேட்டேன்."

அன்று சாயங்காலமே முதலாளி உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

"அடுத்த தெருவுல புதுக் கடை திறக்கப் போறேன். பொறுப்பை உங்ககிட்டதான் கொடுக்கணும்னு மனசுல வெச்சிருக்கேன்."

"ரொம்ப சந்தோஷம் சார்."

"சந்தோஷம் இருக்கட்டும். இந்த முகத்தோட கொடுக்க முடியாது."

"முகம் தற்காலிகம் சார்."

"கடை நிரந்தரமாச்சே. முகத்தைச் சரி பண்ணிக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் உள்ளே லென்ஸ் தேய்க்கிற மெஷின்கிட்ட இருங்க. அது உங்களைப் பார்த்துப் பயப்படாது."

தம் பொறுப்பில் ஒரு கடை என்பது கண்ணாடிக்காரர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கண்டு வந்த கனவு. அது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்து நிற்கும்போது நடுவில் தம் கன்னமே குறுக்கே நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை. யார் செய்த வேலை இது என்று யோசித்தார். யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எந்தக் கெடுதலுக்கும் அவர் மனத்தில் முதலில் வந்து நிற்பவன் மனைவியின் தம்பிதான்.

மச்சினன் எந்த வேலையிலும் நிலைக்காமல் சுற்றிவிட்டு, கடைசியில் தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு சோப்பு காய்ச்சுகிறான். நிறம் கிடையாது, மணம் கிடையாது. பார்த்தால் கரும்பலகையில் எழுதுகிற சாக்கட்டி. போன தடவை வந்தபோது, "ஷேவிங்குக்குன்னே புதுசா போட்டிருக்கேன், பாருங்க மாமா" என்று ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனான்.

கண்ணாடிக்காரர் வீட்டு வழக்கமோ வேறு. அவருடைய அப்பா போட்டது, அப்பாவின் அப்பா போட்டது, வட்டத் தகர டப்பாவில் வரும் மஞ்சள் சோப்பு. அதற்குப் பரம்பரை சோப்பு என்று பெயர் வைத்தது மனைவிதான். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்காரர் மாடிப்படி இறங்கினால், அவர் தெருமுனை திரும்பிய பிறகும் வாசனை மாடிப்படியிலேயே நின்றுகொண்டிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணையைத் தொடங்கினார்.

"இந்தாம்மா, உன் தம்பி என் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டான்."

"மண்ணா? சோப்புல்ல போட்டான்?" மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தச் சோப்பைத்தான் சொல்றேன். அதைப் போட்டதுலேர்ந்துதான் இந்தக் கோலம்."

"எத்தனை தடவை போட்டீங்க?"

"ஒரே ஒரு தடவை. ஒரு தடவைக்கே இந்தக் கதி."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அதை ஏன் தொடுறேன்? நம்ம சோப்புதான். காலையில ஒரு தடவை. அந்த விஷம் இறங்கணும்னு ராத்திரி ஒரு தடவை, நல்லா அழுத்தித் தேய்ச்சு."

"இறங்குச்சா?"

"இறங்கிக்கிட்டுத்தான் இருக்கு. கழுத்து வரைக்கும் வந்திருச்சு, பாரு."

மனைவி பார்த்தாள். மடித்த துண்டை அடுக்கில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அவன் சோப்பு கொடுக்கிறதுக்கு முன்னாடியே நீங்க சொறிஞ்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"அது சொறியறது இல்லை. யோசனை பண்ணும்போது கன்னத்தைத் தடவுறது என் பழக்கம்."

"அவ்வளவு யோசனை பண்ணியிருந்தா இந்நேரம் நீங்க எங்கேயோ போயிருப்பீங்களே."

"கிண்டலை விடு."

"சரி, விட்டுட்டேன். ரெண்டு சோப்பையும் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்களேன்."

"திருடனையும் பறிகொடுத்தவனையும் ஒண்ணாப் பிடிச்சு உள்ளே போடச் சொல்றியா? எங்கப்பா முகத்தைப் பார்த்திருக்கேல்ல? கடைசி வரைக்கும் ஒரு பரு கிடையாது."

"உங்கப்பா தோல் உங்கப்பாவோட போச்சு. இது உங்க தோல்."

"அப்படின்னா எங்க வீட்டு சோப்புதான் காரணம்னு சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லலை. சோதிச்சுப் பார்க்கலாம்னு சொல்றேன்."

சோதனை என்ற சொல் காதில் விழுந்ததும் கண்ணாடிக்காரர் மூளைக்குள் விளக்கு எரிந்தது. அவரே திட்டத்தைச் சொல்லிவிட்டார். இரண்டு கிண்ணங்கள், சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. எதில் எந்தச் சோப்பு என்பது மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் நுரை அடித்துக் கதவிடுக்கில் நீட்ட வேண்டும். நுரை எல்லாம் வெள்ளைதான், அதனால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம். எது எரிகிறதோ அதுவே குற்றவாளி. எவ்வளவு நியாயமான மனிதர் பாருங்கள்!

நியாயமெல்லாம் வெளிப்பூச்சு. பரம்பரை சோப்பின் வாசனையை மூக்கில் பஞ்சை அடைத்தாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார். எந்தக் கிண்ணத்தில் வாசனை இல்லையோ அது மச்சினனுடையது. அதைப் பூசிக்கொள்ளும்போது வீடே அதிரும்படி அலறிவிட வேண்டியது. அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"நல்ல யோசனைங்க" என்றாள் மனைவி உடனே.

அவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டபோதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. மனைவி ஒரு பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்க்கிற பிரிவுக்குத் தலைவி. நாள் முழுக்க பிஸ்கட் தின்பதற்குச் சம்பளமா என்று சொந்தக்காரர்கள் பொறாமைப்படுவார்கள். அவளோ வீட்டில் பிஸ்கட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அங்கே எப்படி ருசி பார்க்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று கண்ணாடிக்காரர் இத்தனை வருடத்தில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. கடித்துப் பார்ப்பார்கள், வேறென்ன என்பது அவர் எண்ணம்.

மறுநாள் காலை குளியலறைக் கதவிடுக்கில் சிவப்புக் கிண்ணம் வந்தது. கூடவே ஒரு புது பிரஷ்.

"பழைய பிரஷ் என்னாச்சு?"

"அதுல பழைய சோப்பு ஊறிப் போயிருக்கும். சோதனைன்னா சுத்தமா இருக்கணும்ல? ராத்திரி தேய்க்கிற வேலையும் வேண்டாம். சோதனை முடியற வரைக்கும் முகத்துல இதைத் தவிர எதுவும் படக் கூடாது."

"படாது, படாது."

கிண்ணத்தை மூக்குக்குக் கீழே கொண்டுபோனார். கமகமவென்று பரம்பரையே எழுந்து நின்றது. அப்பா, அப்பாவின் அப்பா எல்லாரும் வரிசையாக வந்து ஆசீர்வாதம் செய்வது போலிருந்தது. பாட்டுப் பாடிக்கொண்டே பூசினார், பாட்டுப் பாடிக்கொண்டே மழித்தார்.

"எப்படி இருக்கு?" வெளியிலிருந்து கேட்டாள்.

"குளுகுளுன்னு இருக்கு! இது எந்தச் சோப்புன்னு எனக்குத் தெரியாது. ஆனா யார் செஞ்சாங்களோ அவங்க கை நல்லா இருக்கணும்!"

அடுத்த நாள் நீலக் கிண்ணம். முகர்ந்தார். வாசனை என்ற பேச்சே இல்லை. மாட்டிக்கிட்டியாடா மாப்பிள்ளை என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டார் ஒரு சத்தம்.

"ஐயோ! எரியுதே! பத்திக்கிட்டு எரியுதே!"

"எங்கே எரியுது?"

"முகம் பூரா!"

"பிரஷ் பட்ட இடத்துலயா, படாத இடத்துலயுமா?"

"பட்ட இடம், படாத இடம், எல்லா இடத்துலயும்!"

"பூசுற சத்தமே கேக்கலையே. பூசிட்டீங்களா?"

கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். நுரை கிண்ணத்தில் குவித்தது குவித்தபடி இருந்தது. பிரஷ் கையில் காய்ந்து கிடந்தது. அவசரத்தில் பூசுவதற்கு முன்பே அலறிவிட்டிருந்தார்.

"வாடை பட்டதுக்கே எரியுதும்மா!" என்று சமாளித்தார்.

"வாடையே இல்லாத சோப்புன்னா?"

"அப்போ... காத்துப் பட்டதுக்கு!"

"சரி, பூசிட்டு மறுபடியும் ஒரு தடவை கத்துங்க. அதைத்தான் கணக்குல எடுத்துக்கணும்."

பூசினார். கத்தினார். இந்தத் தடவை கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்து, "உங்க வீட்டுல யாருக்காவது பல்லைப் பிடுங்குறீங்களா?" என்று கவலையோடு விசாரித்துவிட்டுப் போனார்.

இப்படியே சிவப்புக்கு ஒரு பாட்டு, நீலத்துக்கு ஒரு கூக்குரல் என்று நாட்கள் போயின. வேடிக்கை என்னவென்றால், போகப் போக அவருக்கு நடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. நீலக் கிண்ணத்தைக் கண்டாலே கன்னம் தானாகக் காந்தியது. கண்ணில் நீர் வந்தது. ஒரு நாள் துண்டை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு, விசிறியால் விசிறிக்கொண்டே அரை மணி நேரம் கட்டிலில் கிடந்தார். சிவப்புக் கிண்ணம் வரும் காலையில் மட்டும் கன்னம் அமைதியாக இருந்தது.

அதற்கு நடுவில் முகம் தெளியத் தொடங்கியது. முதலில் கழுத்துத் தடிப்பு அடங்கியது. பிறகு தாடை. கன்னத்தில் கையை வைத்தால் கை சும்மா இருந்தது. கண்ணாடிக்காரர் கடைக்குள் லென்ஸ் தேய்க்கிற மெஷினின் மூடியில் அடிக்கடி முகம் பார்த்துக்கொண்டார். அவருக்குச் சந்தோஷம் பொங்கியது. உண்மையான சந்தோஷம். இந்த முகம் இனி இப்படியேதான் போலிருக்கிறது என்று உள்ளூர அவர் பயந்துபோயிருந்தார். அதை யாரிடமும் சொன்னதில்லை.

"பார்த்தியா? சிவப்புப் போடுற அன்னிக்கு நோய் பத்தடி பின்னாடி போகுது. நீலம் போடுற அன்னிக்கு அஞ்சடி முன்னாடி வருது. அதனாலதான் மெதுவா குணமாகுது. நீலத்தை நிறுத்திடு."

"நிறுத்திட்டா சோதனை முடிஞ்சிருச்சுன்னு அர்த்தமா?"

"எப்பவோ முடிஞ்சிருச்சு!"

"சரி, இனிமே சிவப்பு மட்டும் தர்றேன்" என்றாள் மனைவி. அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பிஸ்கட் கம்பெனியில் அதற்கும் பயிற்சி உண்டு.

சீக்கிரமே அவர் முகம் முழுக்கத் தெளிந்துவிட்டது. முதலாளி ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவரை முன்பக்கத்துக்கு அனுப்பினார். முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். கண்ணாடிக்காரர் தம் முகத்தை அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய் வைத்து, கண்ணாடியை மாட்டிவிட்டார். தபால்காரர் இமைகளைக் கொட்டினார். நாற்காலி நகரவில்லை.

"பளிச்சுன்னு தெரியுதுய்யா" என்றார் தபால்காரர், அவரையே பார்த்துக்கொண்டு.

கண்ணாடிக்காரருக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கண்ணாடி வளைந்துவிடும் என்பதால் விட்டுவிட்டார்.

முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தபால்காரர் போனதும் பக்கத்தில் வந்தார்.

"முகம் ஜோரா ஆயிருச்சே! என்ன போட்டீங்க? எனக்கும் ரொம்ப நாளா கழுத்துல ஷேவ் பண்ண இடமெல்லாம் அரிக்குது."

விடுவாரா கண்ணாடிக்காரர்? பரம்பரை சோப்பின் பெருமையை அப்பா காலத்திலிருந்து தொடங்கி எடுத்து விளாசினார். பையில் கைவிட்டு, உறை பிரிக்காத தகர டப்பா ஒன்றை எடுத்து முதலாளி கையில் வைத்தார். கடையில் எல்லாரிடமும் காட்டிப் பீற்றிக்கொள்வதற்காக அவர் அதைச் சில நாளாகவே சுமந்துகொண்டு திரிந்தார்.

"இதைப் போட்டுப் பாருங்க சார். காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. அழுத்தித் தேய்க்கணும்."

"போட்டுர்றேன். நாளைக்கு வாங்க, புதுக் கடை விஷயத்தைப் பேசி முடிச்சிடலாம்."

அன்று சாயங்காலம் கண்ணாடிக்காரர் படியேறி வரவில்லை, மிதந்து வந்தார்.

"ஏம்மா! கூப்பிடு உன் தம்பியை! தீர்ப்பைப் படிக்கணும்!"

"முதல்ல எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

"சிவப்புக் கிண்ணத்துல இருந்தது பரம்பரை சோப்பு. அதுதான் என்னைக் காப்பாத்துச்சு. நீலத்துல இருந்தது உன் தம்பி சோப்பு. அதுதான் என்னை எரிச்சுது. இல்லைன்னு சொல்லு பார்ப்போம்!"

"பாதி சரி" என்றாள் மனைவி.

"எது பாதி?"

"நீலத்துல இருந்தது என் தம்பி சோப்புதான்."

"ஆங்! அப்படி வா வழிக்கு."

"சிவப்புல இருந்ததும் அதுதான்."

கண்ணாடிக்காரர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். மனைவி குளியலறைக்குள் போய்ச் சிவப்புக் கிண்ணத்தை எடுத்து வந்து அவர் முன்னால் கவிழ்த்து வைத்தாள். கிண்ணத்தின் அடிக்குழியில் ஒரு மஞ்சள் வில்லை ஒட்டிக்கொண்டிருந்தது. பரம்பரை சோப்பில் வெட்டி எடுத்த துண்டு. வாசனை கமகமவென்று வந்தது, அடியிலிருந்து.

"இது... இது மோசடி!"

"இல்லைங்க. எங்க வேலையே இதுதான். ஒரே பிஸ்கட்டை ரெண்டு தட்டுல வெச்சுக் கொடுப்போம். ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னா நல்ல நாக்கு. இது பிரமாதம், அது மட்டம்னு சொன்னா, அவர் நாக்கால ருசி பார்க்கலை, வேற எதாலயோ பார்க்கிறார்னு அர்த்தம். நீங்க மூக்கால ஷேவ் பண்ணீங்க."

"அப்போ நீலத்துல எனக்கு எரிஞ்சுதே? சத்தியமா எரிஞ்சுதும்மா! கண்ணுல தண்ணியே வந்துச்சு!"

"வந்திருக்கும். அது சோப்பு மேல வந்த எரிச்சல் இல்லை, என் தம்பி மேல வந்த எரிச்சல். அது ஷேவ் பண்ணாலும் போகாது."

கண்ணாடிக்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"பரம்பரை சோப்பு அப்படி என்ன பாவம் பண்ணுச்சு?"

"அது மேல தப்பு இல்லைங்க. அதுல வாசனைக்குப் போடுற ஏதோ ஒண்ணு உங்க தோலுக்கு ஆகலை. எங்க கம்பெனியில எசன்ஸ் கலக்குற ஒருத்தர் இருக்கார். வருஷக்கணக்கா அதே எசன்ஸ்தான். ஒரு நாள் திடீர்னு கையெல்லாம் தடிச்சுப் போச்சு. இத்தனை நாள் ஒத்துக்கிட்டது ஒரு நாள் ஒத்துக்காமப் போகலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. உங்க கன்னத்தைப் பார்த்ததும் அவர் கைதான் ஞாபகம் வந்துச்சு. அதை உங்ககிட்ட வாயால சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டார். அது அவருக்கே தெரிந்ததால் பேச்சை மாற்றலாமென்று வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"ஐயையோ! முதலாளி!"

"முதலாளிக்கு என்ன?"

"பரம்பரை சோப்பை அவருக்குக் கொடுத்துட்டேன்! அவருக்கும் கழுத்துல அரிப்பாம். அழுத்தித் தேய்க்கச் சொல்லியிருக்கேன்!"

"போன் பண்ணிச் சொல்லிடுங்க."

"என்னன்னு சொல்றது? என் பெண்டாட்டி என்னை ஏமாத்திட்டான்னா? அவ்வளவு பீத்தினேனே! நாளைக்குக் கடையைக் கொடுக்கறதா இருக்கார். தன் கன்னத்துல என்ன இருக்குன்னே தெரியாதவன்கிட்ட அவர் கடையைக் கொடுப்பாரா?"

"அது உங்களுக்கும் அவருக்கும் உள்ளது. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு மனைவி அடுக்களைக்குள் போனாள்.

கண்ணாடிக்காரர் பால்கனியில் நடந்தார். கடைசியில் துணிந்து போன் செய்தார். முதலாளி எடுத்து, "என்ன விஷயம்?" என்றார். "குட் ஈவ்னிங் சார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"சொல்லிட்டீங்களா?" உள்ளிருந்து குரல் வந்தது.

"வணக்கம் சொன்னேன்."

மறுநாள் மனைவி வழக்கத்தைவிடச் சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். கண்ணாடிக்காரர் நீலக் கிண்ணத்தில் தாமே நுரை அடித்துப் பூசிக்கொண்டார். எரியவில்லை. எரியாதது அவருக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. கடைக்குப் போகிற வழியெல்லாம் சாக்குகளைக் கோத்துக்கொண்டு போனார். சார், அந்த டப்பா பழசு, வேறே தர்றேன். சார், அது தப்பான டப்பா. சார், அதை எறும்பு மொய்ச்சுடுச்சு. எதுவும் அவருக்கே பிடிக்கவில்லை.

முதலாளி மேஜை மேல் தகர டப்பா உறை பிரிக்காமல் இருந்தது. கண்ணாடிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இன்னும் போடலீங்களா சார்?"

"நேத்து நேரமில்லை. இன்னிக்குச் சாயங்காலம் போட்டுடறேன். நீங்க சொன்ன மாதிரியே அழுத்தி." முதலாளி கழுத்தைச் சொறிந்துகொண்டார். "நம்பிப் போடலாம்ல?"

"அது வந்து சார்... டப்பா கொஞ்சம் பழசு..."

"அதனால என்ன? நானே புதுசு வாங்கிக்கிறேன். பேர்தான் மேலேயே போட்டிருக்கே."

வாங்கிக்கொள்ளட்டும் என்று ஒரு மனம் சொன்னது. கடை கைக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றது. அந்தச் சமயம் பார்த்து முதலாளி மறுபடியும் கழுத்தைச் சொறிந்தார். அந்த அரிப்பு கண்ணாடிக்காரருக்குத் தெரியும். தொட்டால் எரிவது தெரியும், எதிரே இருக்கிறவர் நாற்காலியைப் பின்னால் இழுப்பது தெரியும். தெரிந்துகொண்டே ஒரு மனிதர் கழுத்தில் அதை ஏற்றிவிட அவருக்கு மனம் வரவில்லை.

"போடாதீங்க சார்!" என்று டப்பாவைப் பிடுங்கியே விட்டார். "என் முகத்தைக் கெடுத்ததே இதுதான். சரி பண்ணது என் மச்சினன் காய்ச்சுற சோப்பு. அவனைப் பிடிக்காததால அவன் மேல பழியைப் போட்டேன். ஒரே சோப்பை ரெண்டு கிண்ணத்துல போட்டுக் கொடுத்து என் வீட்டுக்காரி என்னைப் பிடிச்சுட்டா. ஒண்ணுக்குப் பாட்டுப் பாடினேன், ஒண்ணுக்கு அலறினேன் சார். முதல் நாள் பூசுறதுக்கு முன்னாடியே அலறினேன். உங்க கழுத்துக்கு எது ஒத்துக்கும்னு எனக்குத் தெரியாது. ஆனா தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்."

மூச்சு வாங்க நின்றார். கடை போச்சு என்று நினைத்தார். ஆனாலும் என்னவோ, தடிப்பு இறங்கிய அன்று இருந்ததைவிட இப்போது முகம் லேசாக இருந்தது.

முதலாளி இடிஇடியென்று சிரித்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார்.

"பிடிங்க, புதுக் கடைச் சாவி. தப்பான பவர்ல கண்ணாடி போட்டுக் கொடுத்துட்டா, 'தப்பு என்னோடது, கழட்டுங்க'ன்னு சொல்றவர்தான் எனக்கு வேணும். அப்படி நீங்களா சொல்றீங்களான்னு பார்க்கத்தான் காத்துக்கிட்டிருந்தேன். உங்க வீட்டம்மா காலையிலேயே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

"எல்லாத்தையுமா?"

"பூசுறதுக்கு முன்னாடி அலறினது வரைக்கும். நாளைக்கே என்னை டாக்டர்கிட்ட கழுத்தைக் காட்டச் சொன்னாங்க. 'அவர் கட்டாயம் உண்மையைச் சொல்லிடுவார், எனக்குத் தெரியும்'னாங்க."

கண்ணாடிக்காரர் சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தம் கடை. தம் சாவி. கடையில் எல்லாரும் பார்க்கும்படி அதைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

"பூட்டோட ரெண்டு சாவி கொடுத்திருப்பாங்களே சார். இன்னொண்ணு?"

"அதை உங்க வீட்டம்மா காலையிலேயே வாங்கிட்டுப் போயிட்டாங்க. நீங்க தொலைச்சிடுவீங்களாம்."